வீட்டுக்காரன் வாய்ச்சொல்

ஜுமாதில் புல்போரின் மேல் நின்றுகொண்டிருந்தபோது முதலில் வலது கை கவைக்கோலை விட்டது, அப்புறம் வலது கால் அவனை விட்டது. விழுந்தது புல்லின் மேல்தான். எலும்பு எதுவும் முறியவில்லை. அதை அவனுடைய அண்ணன் ஒரோஸாலி குடும்பத்தின் பெருமையில் சேர்த்துக்கொண்டார். "எங்க வம்சத்துல எவனும் வெறுந்தரையில விழுந்ததில்ல" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார்.

நாரின் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, ஜுமாதிலின் பெண்டாட்டி புருல்சாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "கோடை முடியறதுக்குள்ள என்ன திரும்புதோ அதான் திரும்பும். தினம் எழுப்பி நடக்க வையி. கைய நீட்டி மடக்கு. பேச்சு போயிருக்கு, நீ பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு. கொழுப்பு வேணாம், சாராயம் வேணாம், கூட்டம் வேணாம்."

புருல்சா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கூட்டம் வேணாம் என்றபோதும் ஆட்டினாள். நாரின் நகரத்தில் அது நடக்கும். அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. மேலே மலையடியில் அவர்கள் ஊரில், நலம் விசாரிக்க வருகிறவனை வாசலில் நிறுத்தினால், நோயாளி செத்த பிறகு குழி வெட்ட ஆள் வரமாட்டான்.

அவர்கள் வண்டியில் வந்து இறங்கியபோதே முற்றத்தில் மூன்று ஜீப் நின்றது. அன்றிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பொட்டலம் மிட்டாய், ஒரு பை சர்க்கரை, சில பேர் வெறும் கண்ணீர். வந்தவர்களுக்கு முதலில் தேநீர், போர்சோக் என்ற மாவுத்துண்டுகள் பொரித்த சூட்டோடு, வெண்ணெய், ஜாம். அப்புறம் ஆடு. ஆடு அறுக்காமல் அனுப்பினால் வந்தவன் மனம் நோகும். அவன் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதுதானே நோயாளி வீட்டின் வேலை. புருல்சா விடிந்ததும் மாடு கறந்து, மாவு பிசைந்து, கொப்பரைக்கு அடியில் சாணி வரட்டி தள்ளி, குடல் கழுவி, நூடுல்ஸ் நறுக்கி நிமிர்வதற்குள் பொழுது மலைக்குப் பின்னால் போயிருக்கும். ஜுமாதிலை நடக்க வைக்க வேண்டிய நேரம் வந்தவர்களின் வயிற்றுக்குள் போனது.

லாயத் தூணுக்கும் பாப்ளர் மரத்துக்கும் நடுவே அவள் குதிரைமயிர்க் கயிறு ஒன்றை இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தாள். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் அவள் தோளில் சாய்ந்துகொண்டு, அவன் தூணிலிருந்து மரத்துக்குப் போகவேண்டும். ஒரு நாள் பாதி தூரம் போனபோது அவனுடைய அக்கா சலாமத் வாசலில் வந்து இறங்கினாள். பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ என் தம்பி! இவனை ஏன்டி கன்னுக்குட்டி மாதிரி கயித்துல கட்டி இழுக்கற? உள்ள படுக்க வை!"

"டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்க மதினி."

"டாக்டரம்மா சொல்லுவா. நான் பனியில ரெண்டு மலை தாண்டி எதுக்கு வந்தேன்? படுத்திருக்கிற ஆளைப் பார்க்கத்தானே வந்தேன்? நின்னுக்கிட்டிருக்கிறவனைக் கட்டிப்பிடிச்சு எப்படி அழறது?"

அது நியாயம்தான் என்று கூட வந்த பெண்கள் சொன்னார்கள். அவனைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். சலாமத் அழுதாள். நன்றாக அழுதாள். அழுது களைத்தவளுக்கு ஆட்டு வால் கொழுப்பை வேகவைத்து ஈரலோடு கொடுக்க வேண்டியிருந்தது. அதில் இரண்டு துண்டை அவள் தம்பி வாயிலும் ஊட்டினாள். "கொழுப்புதான்டி நரம்புக்கு எண்ணெய். உன் டாக்டரம்மா ஒல்லியா இருப்பாளே, அவளுக்கு என்ன தெரியும்?"

ஒரோஸாலியைப் பற்றிச் சொல்லவேண்டும். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் அவர் அதன் துணைத் தலைவர். பண்ணை கலைந்தபோது ஆடு ஒருவன், டிராக்டர் ஒருவன், கொட்டகைத் தகரம் ஒருவன் என்று ஆளாளுக்குக் கொண்டுபோனார்கள். துணைத் தலைமையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளை உரோமத்தொப்பி, மார்பில் ஒரு பதக்கம், எங்கே உட்கார்ந்தாலும் அது மேடை. தம்பியின் படுக்கை இப்போது மேடையானது. வாரம் தவறாமல் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தம்பியின் உடல்நிலையை அறிக்கையாக வாசிப்பார். மாஸ்கோவில் பனி வாரும் ஜுமாதிலின் மகன்கூட அம்மாவுக்குப் போன் செய்வதில்லை; பெரியப்பாவுக்குத்தான் செய்வான். நிலவரம் அங்கேதான் தெளிவாகக் கிடைக்கும்.

குளிர் முற்றியிருந்த ஒரு நாள், சாப்பாடு முடிந்து ஒரோஸாலி இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி ஆசி சொன்னார். நோய் நீங்கட்டும், மந்தை பெருகட்டும், நாட்டில் அமைதி நிலவட்டும், மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு நல்ல புத்தி வரட்டும். நீளமான ஆசி. முடித்து, அப்படியே ஆகட்டும் என்பதற்கு "ஓமின்" என்றார். எல்லோரும் ஓமின் என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஒரு கணம் பிந்தி, படுக்கையிலிருந்து, தெளிவாக, இன்னொரு குரல் வந்தது.

"ஓமின்."

ஜுமாதில் இடது கையால் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

வீடு அதிர்ந்தது. சலாமத் மயங்கி விழுவதற்கு இடம் பார்த்து விழுந்தாள். ஒரோஸாலி எழுந்து நின்றார். "என் ஆசிக்கு நாக்கு திரும்பிடுச்சு. டாக்டருங்க கைவிட்டதை ஒரு பெரியவன் வாய் செஞ்சிருக்கு." புருல்சா பக்கம் திரும்பினார்; வாழ வந்தவள் தம்பி பெண்டாட்டியானாலும் அங்கே மருமகள்தான். "மருமகளே, இன்னொரு ஆடு இருக்கில்ல?"

இருந்தது.

புருல்சாவும் அன்று அழுதாள். ஆனால் மறுநாள் மாடு கத்தியபோது அவன் ஓமின் என்றான். ரேடியோவில் ஆட்டுத்தோல் விலை சொன்னபோது ஓமின் என்றான். பூனை பால் சட்டியை உருட்டியபோதும் முகத்தைத் தடவிக்கொண்டான். அவள் அவன் எதிரில் உட்கார்ந்து, "நான் செத்துப் போகட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தாள். ஓமின் என்றான், அன்பாகவே.

ஊர் அப்படிப் பார்க்கவில்லை. நாக்கு போனவனுக்குத் திரும்பியது அந்த ஒரு சொல்தான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றார்கள். பிள்ளையில்லாதவள் வந்தாள். பரீட்சை எழுதப் போகிறவனின் தாய் வந்தாள். வழக்கில் மாட்டியவன் வந்தான், அவன் மேல் வழக்குப் போட்டவனும் மறுநாள் வந்தான். இருவருக்கும் ஓமின் கிடைத்தது. எல்லோருக்கும் போர்சோக் பொரித்தவள் புருல்சா.

வசந்தம் வந்தபோது தொழுவத்தில் ஆடு ஒன்றுமில்லை. லாயத்தில் சாம்பல் நிறப் பெண்குதிரை மட்டும் நின்றது. அது புருல்சாவின் அண்ணன் குட்டியாகக் கொடுத்தது. இந்த வருடம் சினை நிற்கவில்லை. ஏரிக்கரையில் ஒரு மருத்துவ விடுதி உண்டு. சூடான சேற்றில் கை காலைப் புதைத்து, நடக்கவும் பேசவும் பழக்குவார்கள். புல் முளைத்துக் குதிரைக்குக் கொஞ்சம் சதை பிடித்ததும், பக்கத்து வீட்டு முகாய் அதை அத்-பாஷி சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுத் தருவதாகச் சொல்லியிருந்தான். கோடை முடிவதற்குள் கணவனை அங்கே சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே நினைப்பு. இரவும் பகலும் அதையே மென்றுகொண்டிருந்தாள்.

ஒரோஸாலிக்கு வேறு நினைப்பு.

"நேர்ச்சை குடுக்கணும்" என்றார், சலாமத்தையும் இன்னும் சில பெரியவர்களையும் கூட்டி உட்கார்த்திவைத்து. "சும்மா ஆடு கீடு இல்ல. என் தம்பி உசுருக்கு ஒரு குதிரை. மந்தைங்க மலைமேல மேய்ச்சலுக்குப் போறதுக்கு முந்தி, ஊர் முழுக்க இருக்கறப்ப. சாம்பல் குதிரைதான் சரி."

புருல்சா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணம் நிரம்பி வழிந்தது.

"பெரியவரே, அந்தக் குதிரைய வித்து அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன்."

"சேத்துல உருட்டவா? சேறு நம்ம ஊர்ல இல்லையா?"

பெரியவர்கள் சிரித்தார்கள்.

"அது எங்கண்ணன் எனக்குக் குடுத்தது."

"உங்கண்ணன் குடுத்தது குட்டி. தின்னது என் தம்பி வெட்டின புல்லு" என்றார் ஒரோஸாலி. "இதுல நானும் பேச வேணாம், நீயும் பேச வேணாம். இது யார் வீடு? வீட்டுக்காரன் வாயால வரட்டும்." படுக்கைப் பக்கம் திரும்பினார். குரலை இளக்கி, உள்ளங்கைகளை ஏந்தினார். "தம்பி ஜுமாதில். உன் பேரைச் சொல்லி, ஆண்டவனுக்கு, சாம்பல் குதிரைய நேர்ந்து விடலாமா? ஓமின்?"

"ஓமின்" என்றான் ஜுமாதில்.

"நீங்க கைய ஏந்தி எதைக் கேட்டாலும் அவரு ஓமின்தான் சொல்லுவாரு! மாட்டுக்குச் சொல்றாரு, பூனைக்குச் சொல்றாரு!"

"புருஷனைப் பூனையோட சேர்த்துப் பேசறா பாரு" என்று சலாமத் உதட்டைப் பிதுக்கினாள்.

புருல்சா முகாயிடம் போனாள். அவன் வேலியோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தான்.

"முகாய், குதிரைய இப்பவே ஓட்டிட்டுப் போயிடு."

"எலும்பு எண்ணலாம் போல இருக்கு அதுக்கு. எவன் வாங்குவான்?"

"குடுக்கறதுக்குக் குடு."

"அக்கா, நேர்ச்சைன்னு பெரியவர் வாயால சொன்ன குதிரைய நான் சந்தைக்கு ஓட்டினா, அவரு என்னை நேர்ந்து விட்டுடுவாரு." ஊசியைப் பல்லில் கடித்து நூலை இழுத்தான். "அறுக்கறதுக்கும் என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு. கத்தி எங்கிட்ட இருக்குன்னு ஊருக்கே தெரியும். என்ன பண்ணச் சொல்ற?"

"ஒண்ணுமே பண்ண முடியாதா?"

"வீட்டுக்காரன் வாயாலன்னு சொல்லித்தானே எடுத்தாரு? அந்த வாய் வேணாம்னு சொல்லட்டும். பெரியவங்க முன்னாடி சொல்லட்டும். நான் கத்திய உறையில போட்டுட்டு வந்துடறேன்."

முகாய் அதை விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதை வாங்கித் தலைத்துணி முனையில் முடிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து பாடம் தொடங்கியது. மாடு கறந்ததும் அவனைக் கயிற்றுக்குக் கூட்டிவருவாள். லாயத் தூணில் சாய்த்து நிறுத்தி, முகத்துக்கு நேரே முகம் வைத்துச் சொல்வாள்.

"வே-ணாம்."

"ஓமின்."

"ஓமின் இல்லங்க. என் வாயைப் பாருங்க. வே."

"ஓ."

"ஓ இல்ல. பல்லு தெரியணும். வே!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் வேணாம் என்று சொன்னதில்லை, அவனும் சொல்ல விட்டதில்லை. இப்போது அந்தச் சொல்லை அவன் வாயில் விரல்விட்டு ஊட்டினாள். உப்பில்லாத கஞ்சியைக் காட்டி வேணாம். அவனுக்குப் பிடிக்காத முள்ளங்கியைக் காட்டி வேணாம். நாயின் தட்டைக் கொண்டுவந்து மூக்கருகே நீட்டி, சாப்பிடறீங்களா என்று கேட்டு, அவன் முகம் சுளித்ததும், "அதான், அதைத்தான் சொல்லுங்க, வேணாம்!" ஒரு நாள் பொறுமை போய் அவன் செத்த கையைக் கிள்ளினாள். அவனுக்கு வலிக்கவில்லை. அவள்தான் உட்கார்ந்து அழுதாள். அழுததைப் பார்த்து அவன் முகத்தைத் தடவிக்கொண்டு ஓமின் என்றான்.

புல் பச்சை கட்டியது. குதிரையின் விலா எலும்புகள் மெதுவாக மறைந்தன. ஊரில் யார் யாருக்கு எந்த எலும்பு என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது.

நேர்ச்சைக்குச் சில நாள் முன்பு, கஞ்சிக் கரண்டியை அவள் நீட்டியபோது, ஜுமாதில் தலையைத் திருப்பினான். உதடு கோணிக்கொண்டு, பல் தெரிந்தது. நெற்றி நரம்பு புடைத்தது.

"வே...ணாம்."

கரண்டி கீழே விழுந்தது. "இன்னொரு தரம்."

"வேணாம்."

அவள் எழுந்து லாயத்துக்கு ஓடி, குதிரையை முற்றத்துக்குப் பிடித்துக்கொண்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினாள். கையால் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினாள். "இதை அறுக்கலாமா?"

அவன் குதிரையைப் பார்த்தான். ஓமின் சொல்லும்போது அவன் கண் எங்கேயாவது சுவரில் கிடக்கும். இப்போது கண் குதிரையின் மேலேயே நின்றது. அது ஈரமானது.

"வேணாம். வேணாம்."

புருல்சா அன்று தனக்கென்று போர்சோக் பொரித்துச் சாப்பிட்டாள்.

நேர்ச்சை நாளில் பள்ளத்தாக்கே வந்துவிட்டது. ஜீப், லாரி, குதிரை. பெண்கள் வெங்காயம் உரித்தார்கள். கொப்பரைகள் மூன்று, அடுப்புக்குழி மூன்று. ஒரோஸாலி தொப்பியைத் துலக்கி, பதக்கத்தைத் துலக்கி வந்திருந்தார். தம்பியை முற்றத்துக்குக் கொண்டுவந்து மெத்தைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தார்கள். தலையில் புதுத் தொப்பி ஒன்றை அழுத்தினார்கள். குதிரையின் கால் கட்டக் கயிறு தேடினார்கள். லாயத் தூணுக்கும் மரத்துக்கும் நடுவே நல்ல கயிறு இருந்தது. யாரோ அதை அவிழ்த்தார்கள். புருல்சா பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. அவளுக்குத் தெரியும், அது இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும்.

குதிரை விழுந்து கிடந்தது. நாலு கால்களும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. முகாய் கத்தியை எடுத்துக்கொண்டு புருல்சாவைப் பார்த்தான். அவள் எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னாள், மருமகள்கள் அப்படிக் குரலை உயர்த்துவதில்லை. "பெரியவரே! வீட்டுக்காரர் வாயால வரட்டும்னு சொன்னீங்க. இப்ப இவங்க எல்லாரும் இருக்காங்க. இன்னொரு தரம் கேளுங்க."

ஒரோஸாலிக்கு அது பிடித்திருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் தம்பியின் வாயைத் திறக்கவைப்பதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்தில் போய்க் குனிந்தார். கையை ஏந்தாமல், தோளைத் தொட்டுக் கேட்டார். "தம்பி. குதிரைய அறுக்கலாமா?"

ஜுமாதில் கயிற்றைப் பார்த்தான். குதிரையைப் பார்த்தான். உதடு கோணியது. பல் தெரிந்தது.

"வேணாம்" என்றான்.

முகாயின் கத்தி தாழ்ந்தது.

ஒரோஸாலி நிமிர்ந்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. துணைத் தலைவராக எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ எதிர்ப்புகளைப் பார்த்தவர்.

"பாத்தீங்களா ஜனங்களே" என்றார், குரல் தழுதழுக்க. "நோயோட வேலையைப் பாத்தீங்களா? என் தம்பி ஜென்மத்துல ஒரு விருந்தாளிகிட்ட வேணாம்னு சொன்னவனா? இவன் வீட்டுக்கு வந்து எவனாவது பசியோட போயிருக்கானா? இது அவன் இல்ல. உள்ள உக்காந்துக்கிட்டிருக்கிற சனியன் பேசுது. நேர்ச்சை குடுத்தா தான் போயிடணுமேன்னு பயந்து அலறுது. இதுக்காகத்தான் குதிரையே!"

"ஆமா, ஆமா" என்றார்கள் பெரியவர்கள்.

"அவரு சுயபுத்தியோட சொல்றாரு!" என்றாள் புருல்சா. "அவரு கண்ணைப் பாருங்க!"

"கண்ணீர் வருது பாரு, பாவம், எவ்வளவு போராடறான்" என்று சலாமத் தலைத்துணி முனையால் தம்பியின் கண்ணை ஒற்றினாள்.

ஒரோஸாலி உள்ளங்கைகளை ஏந்தினார். முற்றத்தில் இருந்த எல்லாக் கைகளும் எழுந்தன. அவர் ஆசியைச் சுருக்கமாகவே சொன்னார், கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. "ஓமின்!"

"ஓமின்" என்றது கூட்டம்.

ஜுமாதிலின் இடது கை தானாக எழுந்து முகத்தைத் தடவியது. "ஓமின்."

"அதோ!" என்று கத்தினார் ஒரோஸாலி. "அதோ என் தம்பி!"

முகாய் தலையைக் குனிந்துகொண்டு அறுத்தான். சுத்தமாகவே அறுத்தான், அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. இடுப்பெலும்பு ஒரோஸாலிக்குப் போனது. மூத்தவர்களுக்குத் தொடை, அடுத்தவர்களுக்கு விலா, மருமகள்களுக்கு நிற்க நேரமில்லாத வேலை. புருல்சா கொப்பரைக்கும் விருந்து விரிப்புக்கும் நடந்தாள். உள்ளே ஒருவர் மாற்றி ஒருவராக எழுந்து, இப்படி உறவு வாய்த்தால் எந்த நோயும் நிற்காது என்று பேசினார்கள். ஜுமாதில் வாயில் கொழுப்புத் துண்டு போய்க்கொண்டே இருந்தது. மகன் மாஸ்கோவிலிருந்து பெரியப்பாவுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்கள். ஓமின் என்றான் தகப்பன், போனைப் பார்த்து.

சாயங்காலம் அவரவர் பங்கு இறைச்சியைப் பையில் கட்டிக்கொண்டு கிளம்பத் தொடங்கினார்கள். புருல்சா கை கழுவிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவன் ஓரடிகூட நடக்கவில்லை. கயிறு ரத்தம் காய்ந்து விறைத்துக் கிடந்தது. பரவாயில்லை, அவள் தோள் இருந்தது. அவன் கக்கத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

"வாங்க. மரம் வரைக்கும்."

அவன் அவளைப் பார்த்தான்.

"வேணாம்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரோஸாலி திரும்பினார். "கேட்டியா மருமகளே? வேணாங்கறான். விடு அவனை."

"காலையில சொன்னதும் இதே வேணாம்தானே பெரியவரே?"

"காலையில பேசினது சனியன். அதைத்தான் வெரட்டியாச்சே." அவர் இனிப்பாகச் சிரித்தார். "இப்ப பேசறது என் தம்பி. மனுஷன் வாயைத் திறந்து தெளிவாச் சொல்றான், இன்னும் அவனை இழுத்துக்கிட்டு அலையாதே. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? படுக்க வை. அவன் நிம்மதியாப் படுக்கட்டும். நாங்க வந்து பாத்துக்கறோம்."

"அடுத்த வாரம் என் நாத்தனார் வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்டி" என்றாள் சலாமத், பையை இறுக்கிக் கட்டியபடி. "அவங்க இன்னும் பார்க்கல."

ஜீப்புகள் போயின. தூசி அடங்கியது. முற்றத்தில் அவளும் அவனும் இருந்தார்கள். அவள் மறுபடி குனிந்து, இந்த முறை மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க போயிட்டாங்க. நடக்கலாமா?"

அவன் கண் சுவரில் கிடக்கவில்லை. நேராக அவள் முகத்தில் நின்றது. கொழுப்பு மினுங்கிய உதடு கோணி, பல் தெரிந்தது. அவள் சொல்லிக் கொடுத்தபடியே, இரண்டு அசையையும் அழுத்தி, பிசகில்லாமல் சொன்னான்.

"வேணாம்."

புருல்சா அவன் கக்கத்திலிருந்து கையை எடுத்தாள். மெத்தையைச் சரித்துப் படுக்க வைத்தாள், தொப்பியைக் கழற்றினாள், போர்த்தினாள். பிறகு கொப்பரைப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அடியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து வாயில் போட்டு, எங்கேயும் பார்க்காமல் மென்றாள். நன்றாக வெந்திருந்தது.